பாரிஸ் 18ஆம் வட்டாரத்தில் கூரையடி ஸ்டூடியோ, 189,000 யூரோ: வாங்கலாமா?

லாசப்பல் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். வாடகைக்கு இருந்து அலுத்துவிட்டது. மார்க்ஸ் டொர்மோய் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ பார்த்திருக்கிறேன். பழைய தொடர்மாடி, ஆறாம் மாடி, லிப்ட் இல்லை. விளம்பரத்தில் 21 சதுர மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். விலை 189,000 யூரோ, ஏஜென்சிக் காசும் அதற்குள்.

என் நிலை இதுதான். வயது 33, தனியாள். உணவகச் சமையலறையில் நிரந்தர ஒப்பந்தம், கைக்கு வருவது 2,400. பத்து வருட வதிவிட கார்ட் இருக்கிறது. சேமிப்பு 40,000. அதில் 15,000 சீட்டு எடுத்த காசு, இன்னும் வங்கியில் போடவில்லை. சர்க்கரை வருத்தமும் இருக்கிறது, கடனுக்குக் காப்புறுதி தருவார்களா என்று ஒரு பக்கம் பயம்.

அறையைச் சொல்கிறேன். கதவைத் திறந்ததும் இடப்பக்கம் இரண்டு தட்டு மின்னடுப்பு, அதன் கீழே குட்டி பிரிட்ஜ். எதிரே கூரை சரிந்து இறங்குகிறது. கட்டில் போட்டிருக்கும் மூலையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். ஷவரும் கழிவறையும் ஒரே பெட்டிக்குள். ஃபிளஷ் அழுத்தினால் மிக்சியில் தேங்காய் அரைப்பது போல ஒரு சத்தம். ஜன்னலில் சக்ரே-கேர் தேவாலயக் கோபுரம் பாதி தெரிகிறது. ஏஜென்ட் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார். "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், திங்களுக்குள் சொல்லுங்கள்" என்கிறார்.

மாணிக்க விநாயகர் கோயில் நடை தூரம். ஆகஸ்டில் தேரை வீட்டு வாசலில் நின்று பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டேன். என்ன செய்யலாம்?

புதுவை மாமா:

தம்பி, முதலில் அந்த 21ஐ விடு. கூரை சரிவு என்கிறாய். கரேஸ் அளவு எத்தனை என்று கேட்டாயா? 1996இல் வந்த சட்டம் அது. உயரம் 1.80 மீட்டருக்குக் குறைவான இடம் கணக்கில் வராது. கட்டில் மூலை, சரிவின் அடி எல்லாம் போய்விடும். விளம்பரத்தில் தரைப்பரப்பைப் பெரிதாகப் போட்டு, கரேஸ் அளவைக் கீழே பொடி எழுத்தில் போடுவது இங்கே வழக்கம்.

திங்கட்கிழமைக் கதையை நம்பாதே. எனக்கு 1990களிலேயே அந்தத் திங்கட்கிழமையைச் சொன்னார்கள்.

ஆறு மாடி ஏறி இறங்கிப் பார்த்தாயா? ஒரு முறை அல்ல, பத்து கிலோ அரிசி மூட்டையோடு.

லாசப்பல் தம்பி:

மாமா, இப்போதுதான் கேட்டேன். கரேஸ் 17.6 சதுர மீட்டராம். கேட்டதும் ஏஜென்ட் குரல் கொஞ்சம் மாறியது.

குரோம்பேட்டை கார்த்தி:

189,000ஐ 17.6ஆல் வகுத்துப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 10,700க்கு மேல் வருகிறது. பாரிஸ் சராசரி இப்போது 9,500 பக்கம், அதிலும் 18, 19, 20ஆம் வட்டாரங்கள் சராசரிக்குக் கீழே. சின்ன வீட்டுக்குச் சதுர மீட்டர் விலை கூடுதலாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லிப்ட் இல்லாத ஆறாம் மாடி, சரிந்த கூரை. இது அதிகம்.

இன்னொன்று. நான் ஐ.டி. வேலையாக வந்து வாடகைக்கே இருப்பவன், அதனால் என்னைத் திட்டலாம். பாரிஸில் விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்று நம் ஆட்கள் சொல்வது பழைய பாட்டு. 2020 கடைசியில் சராசரி 10,800 வரை போனது, அப்புறம் வருடக்கணக்கில் இறங்கியது. 2021இல் ஒரு சதவீத வட்டிக்குக் கடன் கிடைத்தது, 2023 முடிவில் நாலைத் தாண்டியது, இப்போது மூன்று சொச்சம். பத்திரச் செலவு 7, 8 சதவீதம் வேறு. நாலைந்து வருடத்தில் விற்றால் கையைக் கடிக்கும். எத்தனை வருடம் இருப்பீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

கூர்நெவ் வாசி:

கார்த்தி சொல்வது பாதி சரி. வாடகை கட்டினால் அந்தக் காசு யாருக்குப் போகிறது? வீட்டுக்காரனுக்கு. நான் வாங்கச் சொல்வேன், ஆனால் பாரிஸுக்குள் வேண்டாம் தம்பி. இதே காசுக்கு லா கூர்நெவில் இரண்டறை வீடு எடுக்கலாம், நாற்பது சதுர மீட்டருக்கு மேல். 7ஆம் நம்பர் மெட்ரோ முடிவே இங்கேதான், ஆர்.இ.ஆர். பி புறநகர் ரயில் இருக்கிறது, டிராம் இருக்கிறது, 16ஆம் நம்பர் மெட்ரோ வரப்போகிறது. கடை, கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாம் பக்கம். நாளைக்குக் கல்யாணம் கட்டினால் அந்தப் புறாக்கூட்டுக்குள் எப்படி இருப்பாய்?

லாசப்பல் தம்பி:

அண்ணை, யோசித்தேன். எனக்கு வேலை முடிய இரவு ஒரு மணியாகிவிடும். சாதாரண நாளில் மெட்ரோ ஒன்றேகாலோடு முடிகிறது, வெள்ளி சனிதான் இரண்டேகால் வரை. கடை பூட்டித் தரை கழுவி வெளியே வந்தால் பல நாள் கடைசி ரயில் போயிருக்கும். இரவு பஸ்ஸுக்குக் குளிரில் நிற்பது எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த அறை என்றால் இருபது நிமிடம் நடந்து வந்துவிடுவேன். அதற்காகத்தான் பாரிஸுக்குள் பார்க்கிறேன், சக்ரே-கேருக்காக அல்ல.

நித்திலா:

நான் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவள். வீட்டுப் பத்திரம் எழுதும் சட்ட அலுவலர்தான் நொத்தாரிசு. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஆஃபர் கடிதம் கொடுப்பதில் பயம் இல்லை, ஆனால் அதோடு காசோலை கேட்டால் கொடுக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் காசு வாங்கினால் அது சட்டப்படி செல்லாது. அப்புறம் கொம்ப்ரோமி, அதாவது முதற்கட்ட விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதன் பிரதி உங்கள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து பத்து நாள் உங்களுக்கு. காரணமே சொல்லாமல் விலகலாம், ஒரு சதம் போகாது. விற்பவருக்கு அந்த உரிமை கிடையாது. முற்பணம் ஐந்து முதல் பத்து சதவீதம், அது நொத்தாரிசின் கணக்கில் நிற்கும், விற்பவர் கைக்குப் போகாது.

கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக விழும் என்ற நிபந்தனை கட்டாயம் இருக்க வேண்டும். தொகை எவ்வளவு, எத்தனை வருடம், வட்டி அதிகபட்சம் எவ்வளவு என்று அதில் எழுதுவார்கள். நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கொம்ப்ரோமியில் 160,000 என்று எழுதிவிட்டு வங்கியில் 180,000 கேட்டு, வங்கி மறுத்தால், நிபந்தனைப்படி நீங்கள் கடன் கேட்கவில்லை என்று விற்பவர் வாதாடுவார். முற்பணம் தகராறில் மாட்டும்.

உங்களுக்கென்று தனி நொத்தாரிசு வைத்துக்கொள்ளுங்கள். செலவு அதிகமாகாது, இரண்டு நொத்தாரிசுகளும் அதே கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

ஏன் மூன்று மாதம் இழுக்கிறது என்று கேட்பவர்களுக்கு: வங்கிக்கு ஒன்றரை, இரண்டு மாதம். மாநகராட்சிக்கு முன்னுரிமையில் தானே வாங்கும் உரிமை உண்டு, பதில் சொல்ல அதற்கும் இரண்டு மாதம்.

காப்புறுதிக்குப் பயப்பட வேண்டாம். 2022 முதல், ஒருவரின் பங்குக்குக் கடன் 200,000க்குள் இருந்து, 60 வயதுக்கு முன் அடைந்துவிடும் என்றால் நோய் பற்றிக் கேள்வித்தாளே கிடையாது. உங்களுக்கு 25 வருடக் கடன் 58, 59இல் முடியும். சர்க்கரை பற்றி யாரும் கேட்க முடியாது.

இதெல்லாம் இருக்கட்டும். தொடர்மாடியின் கடைசி மூன்று வருடப் பொதுக்கூட்டக் குறிப்புகளை வாங்கிவிட்டீர்களா? அறையைப் பார்த்ததைவிட அதைப் பார்ப்பது முக்கியம்.

சீட்டுக்காரன்:

தம்பி, அந்த 15,000க்குக் கவலைப்படாதே. நாலு நண்பர்கள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உன் கணக்குக்கு மாற்றச் சொல்லு. எல்லோரும் செய்வதுதான். ஆள் வேண்டுமென்றால் எனக்குப் போன் அடி,

*மட்டுறுத்துநர்: இந்தப் பதிவிலிருந்து தொலைபேசி எண் நீக்கப்பட்டது.*

நித்திலா:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வங்கி கடைசி மூன்று மாதக் கணக்கறிக்கை கேட்கும். நாலு பேரிடமிருந்து மூவாயிரம், நாலாயிரம் வந்திருந்தால் முதல் கேள்வி அதுதான். வங்கியைத் தாண்டினாலும் நொத்தாரிசு நிதி மூலத்தைக் கேட்டே ஆக வேண்டும். சந்தேகம் வந்தால் நிதிப் புலனாய்வு அமைப்பான திராக்ஃபானுக்கு அறிவிக்க வேண்டியது அவர் கடமை. உங்களிடம் சொல்லிவிட்டு அறிவிக்க மாட்டார்.

உண்மையிலேயே அம்மா அப்பா தருகிறார்கள் என்றால் வழி இருக்கிறது. பெற்றோர் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு 15 வருடத்துக்கு 100,000 வரை அன்பளிப்பு வரி இல்லை, அறிவித்தால் போதும். உறவினர் கடனாகத் தந்தால் எழுத்தில் போட்டு, 5,000க்கு மேல் என்றால் வரி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். சீட்டுக்கு அப்படி ஒரு காகிதம் இல்லை. மாதாமாதம் நீங்கள் பணம் எடுத்தது கணக்கறிக்கையில் தெரிந்தால் விளக்கிப் பார்க்கலாம், ஏற்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த 15,000 இல்லை என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

சீட்டுக்காரன்:

நாங்களும் வீடு வாங்கித்தான் இருக்கிறோம். எந்த ஆபீசும் கேட்கவில்லை.

புதுவை மாமா:

நீங்கள் வாங்கிய காலம் வேறு. அப்போது நொத்தாரிசு மேசையில் நோட்டுக்கட்டு வைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். இப்போது 3,000 யூரோவுக்கு மேல் என்றால் வங்கி மாற்றல்தான். தம்பியை மாட்டிவிடாதீர்கள்.

குரோம்பேட்டை கார்த்தி:

நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். 25 வருடம், வட்டி 3.4 சதவீதம் என்று வைத்திருக்கிறேன்.

கையில் 40,000 இருந்து 189,000க்கே வாங்கினால், பத்திரச் செலவு 14,500 அளவு, கடன் 163,500. தவணை 810, காப்புறுதி ஒரு 40. ஆக 850. உங்கள் சம்பளத்தில் 35 சதவீதம் 840. வங்கிகளுக்கு அந்த 35 கட்டாய விதி, காப்புறுதியும் அதற்குள் சேர்ந்துதான். 2022 ஜனவரியிலிருந்து அப்படி. கொஞ்சம் பேரை விதிக்கு மேல் விடலாம் என்று வங்கிகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது, முதல் வீடு வாங்குகிறவருக்கு அது கிடைப்பதும் உண்டு, ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது.

25,000 மட்டும் என்றால் இதே விலைக்குத் தவணை 920க்கு மேல் போகும். நடக்காது. 165,000 விலை என்றால் பத்திரச் செலவு 13,000, கடன் 153,000, தவணை காப்புறுதியோடு 800. நடக்கும். 170,000 வரை இழுக்கலாம். அதற்கு மேல் உங்கள் சம்பளம் இடம் கொடுக்காது.

நித்திலா:

கார்த்தி, நன்றி. ஒன்று சேர்க்கிறேன். 2025 ஏப்ரலில் பாரிஸ் தன் பங்கு பத்திர வரியை அரை சதவீதம் கூட்டியது. முதன்முறை வாங்கி அங்கேயே குடியிருப்பவருக்கு அந்தக் கூடுதல் கிடையாது. தம்பிக்குப் பழைய விகிதம்தான், உங்கள் கணக்கு சரி. அரசின் வட்டியில்லாக் கடன் கிடைக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பாரிஸில் பழைய வீட்டுக்குக் கிடையாது.

லாசப்பல் தம்பி:

பொதுக்கூட்டக் குறிப்புகள் வந்துவிட்டன. மூன்று வருடம், மொத்தம் அறுபது பக்கம் இருக்கும். பிரெஞ்சில் படித்து மண்டை காய்ந்துவிட்டது. எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

2023: கூரையின் துத்தநாகத் தகடு முழுக்க மாற்றுதல், மதிப்பீடு 262,000. தள்ளுபடி.
2024: அதே வேலை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
2025: ஆறாம் மாடி இடப்பக்க வீட்டில் நீர் ஒழுகல், காப்புறுதிக் கோரிக்கை. சிண்டிக்கை (கட்டட நிர்வாகியை) மாற்ற வேண்டும் என்று ஒரு தீர்மானம், தோல்வி. கூரைக்குப் புதிய மதிப்பீடு கேட்க முடிவு.

நான் பார்த்தது ஆறாம் மாடி வலப்பக்கம். பொதுச் செலவில் என் பங்கு ஆயிரத்தில் 19 என்று இருக்கிறது. இது பயப்பட வேண்டிய விஷயமா?

புதுவை மாமா:

பயப்பட வேண்டியது இல்லை, விலை பேச வேண்டியது. 262,000இல் ஆயிரத்துக்கு 19 என்றால் ஏறக்குறைய 5,000. அதுவும் பழைய மதிப்பீடு. சாமான் விலை ஏறியிருக்கும்.

ஏன் மூன்று வருடமாக நடக்கவில்லை தெரியுமா? ஒழுகுவது மேல்மாடியில், வாக்கு இருப்பது கீழ்மாடிகளில். இரண்டாம் மாடியில் 90 சதுர மீட்டர் வைத்திருப்பவருக்குக் கூரை ஒழுகினால் என்ன? அவர் பங்கு பெரியது, செலவும் பெரியது, அதனால் எதிர்ப்பார். கடைசியில் தண்ணீர் மூன்றாம் மாடி வரை இறங்கிய பிறகுதான் கை தூக்குவார்கள். எங்கள் கட்டடத்தில் இதே கதை ஓடியது. கூட்டம் இரவு பதினொன்று வரை, வாசலில் சைக்கிள் நிறுத்துவதைப் பற்றி ஒரு மணி நேரம், கூரையைப் பற்றி ஐந்து நிமிடம்.

விற்கிறவர் ஏன் விற்கிறார் என்று இப்போது புரிகிறதா?

நித்திலா:

மாமா சொல்வது நூற்றுக்கு நூறு. சட்டப் பக்கம்: கூட்டத்தில் வேலைக்கு ஒப்புதல் ஆன நாள் முக்கியமில்லை. பணம் கட்டச் சொல்லும் தவணை எந்த நாளில் விழுகிறதோ அந்த நாளில் யார் உரிமையாளரோ அவர்தான் சிண்டிக்குக்குக் கட்ட வேண்டும். அதனால் கொம்ப்ரோமியில் ஒரு வரி எழுதிக்கொள்வார்கள்: இன்ன தேதிக்கு முன் ஒப்புதல் ஆன வேலைகள் விற்பவர் கணக்கு. ஆனால் இங்கே இன்னும் ஒப்புதலே ஆகவில்லை, ஆகவே அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. முழுச் செலவும் உங்கள் தலையில்தான் வரும். விலையில் குறைப்பது ஒன்றே வழி.

கொம்ப்ரோமிக்கும் பத்திரத்துக்கும் நடுவில் ஒரு கூட்டம் வந்தால், விற்பவரிடமிருந்து வாக்குரிமைக் கடிதம் வாங்கி நீங்களே போங்கள். அக்கம்பக்கம் யார், யார் சண்டைக்காரர், எல்லாம் ஒரே இரவில் தெரிந்துவிடும்.

மேலும் மூன்று கேட்டு வாங்குங்கள். கட்டணம் கட்டாதவர்கள் எத்தனை பேர், மொத்தப் பாக்கி எவ்வளவு. கட்டட வேலைக்கான பொது நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது. கட்டடத்துக்குப் பத்தாண்டு வேலைத் திட்டம் இருக்கிறதா. 15 வருடத்துக்கு மேல் பழைய கட்டடம் எல்லாவற்றுக்கும் இப்போது அது கட்டாயம்.

கூர்நெவ் அண்ணாவுக்கும் இதுதான் என் பதில். புறநகரில் வாங்குவது தப்பில்லை, நிறையப் பேர் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் பெரிய தொடர்மாடிகளில் இந்தப் பாக்கிக் கணக்கைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. தெற்கே க்ரிஞி 2 சுமார் 5,000 வீடுகள். கட்டணப் பாக்கி சேர்ந்து சேர்ந்து அரசே தலையிட வேண்டியதாயிற்று. கிளிஷி-சூ-புவாவில் ஷேன் புவாந்துவும் அப்படித்தான்.

கூர்நெவ் வாசி:

அதெல்லாம் சில இடங்களில். எங்கள் கட்டடத்தில் பாக்கி இல்லை. ஆனால் லிப்ட் பழுதானால் இரண்டு மாதம் ஆகும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

இரவு வேலை விஷயம் எனக்குத் தோன்றவில்லை தம்பி. அப்படியென்றால் பாரிஸே பார்.

குரோம்பேட்டை கார்த்தி:

ஆற்றல் தரம் என்ன போட்டிருக்கிறது? டிபிஇ சான்று பார்த்தீர்களா?

லாசப்பல் தம்பி:

ஜி, ஏ முதல் ஜி வரையில் கடைசித் தரம். 2023இல் எடுத்தது. மின்சார ஹீட்டர் ஒன்று, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. ஏஜென்ட் "நீங்களே குடியிருப்பதால் பிரச்சினை இல்லை" என்கிறார்.

குரோம்பேட்டை கார்த்தி:

அதில் ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. தடை வாடகைக்கு விடுவதற்குத்தான். ஜி வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது என்பது 2025 ஜனவரியிலிருந்து. எஃப் 2028இல், ஈ 2034இல். ஆனால் நீங்கள் ஏழெட்டு வருடம் கழித்து கூர்நெவ் அண்ணா சொன்னது போல் கல்யாணம் கட்டிப் பெரிய வீட்டுக்குப் போகும்போது இதை வாடகைக்கு விட நினைத்தால்? விற்க நினைத்தால்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2024 ஜூலையில் 40 சதுர மீட்டருக்குக் குறைந்த வீடுகளுக்கு அளவுகோலைத் தளர்த்தினார்கள். 2026 ஜனவரியில் தரக் கணக்கில் மின்சாரத்துக்கான பெருக்கல் எண்ணையும் 2.3இலிருந்து 1.9க்கு இறக்கினார்கள். மின்சார ஹீட்டர் உள்ள சின்ன வீட்டுக்கு இரண்டுமே லாபம். சான்றிதழில் ஒரு எண் இருக்கும், அதை அரசின் ஆற்றல் அமைப்பான ஆதெமின் தளத்தில் போட்டால் புதிய தரத்தை இலவசமாகத் தரும். போட்டுப் பாருங்கள்.

லாசப்பல் தம்பி:

போட்டேன். ஈ என்று வந்துவிட்டது! ஒரு ஆணி கூட அடிக்காமல் இரண்டு படி ஏறிவிட்டது.

புதுவை மாமா:

காகிதத்தில் ஏறியது. ஜனவரி இரவில் அந்த ஒற்றைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல். ஜூலையில் துத்தநாகக் கூரைக்கு அடியில் படுத்துப் பார்த்தும் சொல். அந்தக் கூரைக்கடியில் வெயில் அடிக்கும் நாளில் அறை கொதிக்கும். குளிருக்காவது ஹீட்டர் இருக்கிறது.

அப்புறம் அந்த மிக்சி. அது கழிவை அரைத்துத் தள்ளும் மோட்டார். முன்பு வேலைக்காரிகள் தங்கிய அறைகள் அவை, கழிவறை பொது நடையில்தான் இருந்தது, பெரிய குழாய் அறைக்குள் வராது. பிறகு உள்ளே வைக்க ஆசைப்பட்டவர்கள் சின்னக் குழாயில் மோட்டார் வைத்துத் தள்ளுகிறார்கள். பழைய கட்டடத்தில் வேறு வழியே இல்லாதபோதுதான் அதற்கு இடம், அதுவும் அனுமதி வாங்கி. கட்டடத்தின் பொதுக்குழாயில் இணைத்திருந்தால் பொதுக்கூட்ட ஒப்புதல் வேண்டும். எந்த வருடக் குறிப்பில் அந்த ஒப்புதல் இருக்கிறது என்று கேள். இல்லையென்றால் கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் கடிதம் அனுப்புவார், பெறுபவர் நீ.

நித்திலா:

மாமா, அந்தக் கேள்வியை விலை பேசும்போதே வைக்கச் சொல்லுங்கள், நல்ல ஆயுதம்.

பதினெட்டில் சில தெருக்களுக்குக் கீழே பழைய ஜிப்சம் தோண்டிய இடங்கள் இருக்கின்றன. சுரங்க ஆய்வுத் துறையின் கடிதம் கோப்பில் வந்துவிடும், நீங்கள் ஓடத் தேவையில்லை. 1949க்கு முந்திய கட்டடம் என்பதால் ஈய வண்ணச் சோதனையும் இருக்கும். இவை வழக்கமானவை. பார்த்துவிட்டுப் போகலாம்.

வருடச் செலவில் நில வரியை மறக்க வேண்டாம். பாரிஸ் 2023இல் விகிதத்தை 13.5இலிருந்து 20.5க்கு ஏற்றியது. சின்ன அறைக்குப் பெரிய தொகை இல்லை, ஆனால் அக்டோபரில் திடீரென்று வந்து நிற்கும்.

லாசப்பல் தம்பி:

நிலவரம் சொல்கிறேன். 165,000 என்று எழுத்தில் கொடுத்தேன். காரணமாகக் கரேஸ் அளவு, கூரை வேலை, மோட்டார் கழிவறைக்கு ஒப்புதல் காகிதம் இல்லாதது, மூன்றையும் எழுதினேன். ஏஜென்ட் போனில் சிரித்தார். இரண்டு நாள் கழித்து விற்பவர் 178,000க்கு வருகிறார் என்றார். காகிதம் கேட்டேன், "அது இருபது வருடமாக ஓடுகிறது" என்பதுதான் பதில்.

அந்த "இன்னும் இரண்டு பேர்" இதுவரை வரவில்லை போலிருக்கிறது. விளம்பரம் இன்னும் தளத்தில் கிடக்கிறது.

கூர்நெவ் வாசி:

178க்கு வாங்காதே. உன் கணக்குக்கு அது வராது.

சீட்டுக்காரன்:

இடம் போனால் கிடைக்காது தம்பி. லாசப்பல் பக்கம் இனி இறங்காது.

குரோம்பேட்டை கார்த்தி:

2020இலும் இதைத்தான் சொன்னார்கள்.

புதுவை மாமா:

விடு. ஒரு மாதம் போகட்டும். அவர்களே கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் நஷ்டமில்லை, பாரிஸில் ஒழுகும் கூரைக்குப் பஞ்சமில்லை.

லாசப்பல் தம்பி:

170,000க்கு மேல் என் காகிதம் தாங்காது என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் தேர் விஷயத்தை மெதுவாகச் சொல்லிவிட்டேன்.

இப்போது வேறொன்று கண்ணில் பட்டது. 19இல், கொரந்தான் கரியு மெட்ரோ பக்கம். எழுபதுகளில் கட்டிய தொடர்மாடி, இரண்டாம் மாடி, லிப்ட் இருக்கிறது. கரேஸ் 19.2 சதுர மீட்டர், 159,000. அறைக்குள் எல்லா இடத்திலும் நிமிர்ந்து நிற்கலாம். ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர்தான். வேலையிலிருந்து நடக்க ஐம்பது நிமிடம், ஆனால் இரவு பஸ் வாசலிலேயே நிற்கிறது. மாதக் கட்டணம் 140, பொதுச் சூடாக்கல் அதற்குள். கொஞ்சம் அதிகம் இல்லையா?

நித்திலா:

பொதுச் சூடாக்கல், வெந்நீர், லிப்ட், காவலாள் எல்லாம் அதற்குள் என்றால் 140 பயப்படும் தொகை இல்லை. கேஸ் கொதிகலனா, மாநகரின் பொது நீராவி வலையா என்று கேளுங்கள். எழுபதுகளின் கட்டடம் என்பதால் ஆஸ்பெஸ்டாஸ் அறிக்கையைக் கவனமாகப் பாருங்கள். லிப்டைப் புதுப்பித்த வருடம், முகப்பைக் கடைசியாகச் சுத்தம் செய்த வருடம் இரண்டையும் கேளுங்கள். பாரிஸில் முகப்பைப் பத்து வருடத்துக்கு ஒரு முறை நல்ல நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று விதி, சுற்று வந்துவிட்டதென்றால் அடுத்த பெரிய செலவு அதுதான்.

மூன்று வருடப் பொதுக்கூட்டக் குறிப்புகளை வாங்குங்கள். பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். ஞாயிறு மதியம் எனக்கு நேரம் இருக்கிறது, படித்துச் சொல்கிறேன்.

லாசப்பல் தம்பி:

கேட்டிருக்கிறேன் அக்கா. இந்த ஏஜென்ட் கேட்டதும் அனுப்புகிறேன் என்றார். மற்றவர் போல் இழுக்கவில்லை.

புதுவை மாமா:

வந்ததும் முதலில் பாக்கிக் கணக்குப் பக்கத்தைத் திற.